இருநூற்று அறுபது

“தைரியமா உள்ள போடி. ரிப்போர்ட் தங்கமா வந்திருக்கும். நான் கேரண்டி” என்றாள் குதிரை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தினமும் விடிகாலையில் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவள். அதனால்தான் அந்தப் பெயர்.

அவளுடைய அறைத்தோழிக்கு ரயில் என்று பெயர். மெட்ரோ ரயில் ஓட்டுநர் வேலைக்கு மூன்று வருஷம் தேர்வெழுதி, மூன்றாவது தடவை தேறியவள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

“நீ ஈஸியா சொல்லிட்டே. வேலை போனா எனக்குத்தானே போகும்.”

“இருபத்தஞ்சு வயசுல நமக்கு என்னடி வந்துடப் போகுது? போ, போ!”

உள்ளே பெண் டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்க. கண்ணு, காது ஓகே. பிரஷர், சர்க்கரை நார்மல்.” அடுத்த தாளைப் புரட்டியவர் நிறுத்தினார். “கெட்ட கொழுப்பு நூறுக்குள்ள இருந்தா நல்லது. இங்க இருநூத்தி அறுபது காட்டுது.”

ரயிலுக்குச் சட்டென்று புரியவில்லை. “மெஷின்ல ஏதாவது தப்பா...”

“ரெண்டு தடவை போட்டுப் பார்த்திருக்காங்க. சரி, படிவத்துல என்னவோ எழுதியிருக்கீங்களே... தினமும் எட்டு கிலோமீட்டர் ஓட்டம், எண்ணெய்ல பொரிச்சது தொடறதில்ல, ஒன்பதரைக்குத் தூக்கம். நிஜமா?”

“அது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் டாக்டர்.”

“எவ்வளவு முன்னப்பின்ன?”

“பஸ் கிளம்பிட்டா ஓடுவேன்.”

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “தூக்கம்?”

“ஒரு மணி ஆயிடும். போன் பார்ப்பேன். கூட சிப்ஸ். பெரிய பாக்கெட் இல்ல டாக்டர், நடுத்தரம்தான்.”

“வேலை கிடைக்கணும்னு புளுகியிருக்கீங்க.”

“ஆமா” என்றாள் ரயில், தரையைப் பார்த்து.

“போகட்டும். சிப்ஸைக் குறைங்க, தூங்குங்க, நடங்க. ஆனா இவ்வளவு கொழுப்பு வெறும் சிப்ஸ் தின்னு வர்றதில்லம்மா. இது பெரும்பாலும் பரம்பரை. ஒல்லியா இருந்தாலும் வரும், ஓடினாலும் போகாது. வெளியில ஒண்ணும் தெரியாது. மாரடைப்பெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்னு வேற நம்ம பொண்ணுங்க நினைச்சுக்கறாங்க. வீட்டுல யாராவது சின்ன வயசுலயே...?”

ரயில் கதவுப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா. முப்பத்தொம்பது வயசுல. ஆபீஸ் போக சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாராம்.”

“அடடா.” டாக்டரின் குரல் இறங்கியது. “அப்ப கண்டிப்பா மாத்திரை ஆரம்பிக்கணும். ஒழுங்கா சாப்பிட்டு, மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டினா போதும். இதுக்காக உங்க வேலையில கை வைக்க மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சான்றிதழை இந்தப் பக்கம் நகர்த்தினார். ரயில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எழுந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

“டாக்டர், மாடி ஏறினா நெஞ்சுல ஒரு பிடிப்பு வருதுன்னா, அது வாயுதானே?”

டாக்டர் பேனாவை மூடவில்லை. “எத்தனை நாளா?”

“ரெண்டு வாரமா. சோடா குடிச்சா சரியாயிடுது.”

“சோடாவா! நல்ல வைத்தியம். இந்த அளவை வெச்சுக்கிட்டு நெஞ்சுப் பிடிப்புன்னா, இனிமே பஸ்ஸுக்குக்கூட ஓடக் கூடாது. நாளைக்கு, நாளன்னிக்குன்னு தள்ளிப் போடற விஷயமில்ல. இப்பவே ஈசிஜி எடுக்கணும். அந்தக் கட்டில்ல படுங்க.”

ரயில் படுக்கவில்லை. சான்றிதழில் தன் பெயர் இருந்த வரியை ஒருமுறை படித்தாள். பிறகு அதை மேஜையில் வைத்து, டாக்டர் பக்கமாகவே தள்ளினாள்.

“ஒண்ணு சொல்லணும் டாக்டர்.”

ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. வராந்தாவில் குதிரை துள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்னடி, திங்கட்கிழமை ரயிலேறியாச்சா? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“சான்றிதழைக் கிழிச்சுட்டாங்க. வேலை அவ்வளவுதான்.”

“கிழிச்சுட்டாங்களா! ஏன்? அப்படி என்ன பண்ணித் தொலைச்சே?”

ரயில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவசரப்படாம மெதுவா நடந்து உள்ள வா. மாடி ஏறினா உனக்கு வர்ற பிடிப்பு வாயு இல்லாம, உங்கப்பாவுக்கு வந்ததா இருக்கலாமாம். அன்னிக்கு லேப்ல என் பேரைச் சொல்லி ரத்தம் குடுத்தது நீதான்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”