சுவர்ச் சூடு

"ஊர் முழுக்க வெளிச்சம் போட்டுக் குடுக்குற மனுஷன், நம்ம கோழிக்கூண்டுக்கு ஒரு பல்பு போட மாட்டீங்களா?"

எலக்ட்ரீஷியன் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, கொல்லைத் தரையில் சாக்பீஸால் கூண்டை வரைந்துகொண்டிருந்தார்.

"இது கோழிங்க அடையுற இடம். இது முட்டை வைக்கிற மூலை. இது குஞ்சுங்க அறை."

மனைவிக்குக் கோபம் பாதியிலேயே கரைந்துபோனது. இல்லாத வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தாள். இல்லாத கதவைச் சாத்தினாள். கோட்டுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடியதும், மஞ்சள் பஞ்சு உருண்டைகள் அவள் மடியைச் சுற்றி ஓடின. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று பறந்தபின் வீட்டில் கீச்சுக் குரல் கேட்டு எத்தனை நாளாகிறது!

கண்ணைத் திறந்தாள்.

"குஞ்சுங்க அறையை ஏன் பக்கத்து வீட்டுச் சுவரோட ஒட்டி வச்சிருக்கீங்க?"

"அந்தப் பக்கம் தையலக்காவோட விறகடுப்பு இருக்கு. அது எரிஞ்சா சுவர் சூடாகும். குஞ்சுங்களுக்கு அது போதும்."

"நல்லாயிருக்கே நியாயம்! நம்ம கரன்ட் மிச்சம், அவங்க விறகு செலவா? வீட்டுக்காரர் போனதிலிருந்து பாவம், அவங்க அடுப்பே மூட்டுறதில்லை. கடை டீயும் ரொட்டியுமா ஓட்டுறாங்க."

"கேட்டுப் பார்ப்போம்."

கேட்டேவிட்டார், சுவருக்கு மேல் தலையை நீட்டி. அவளுக்கு வெட்கத்தில் உயிரே போனது.

தையலக்கா எட்டிப் பார்த்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது. "நான் ஒருத்திதானேன்னு அடுப்பை மறந்தே போயிட்டேன் தம்பி."

"உங்களுக்கு இல்லக்கா, குஞ்சுங்களுக்கு. காலையும் சாயங்காலமும் மூட்டினா போதும். பச்சைப் புள்ளைங்க, குளிர் தாங்காதுங்க."

"சும்மா எரிக்க முடியுமா? அது மேல ஏதாவது வைக்கணுமே..." என்று முணுமுணுத்தபடியே உள்ளே போனாள்.

கூண்டு எழும்பியது. குஞ்சுகள் வந்தன. அன்றைக்கே பக்கத்து வீட்டில் புகை கிளம்பியது. பின்னாலேயே வெங்காயம் வதங்கும் வாசனை.

தினமும் சுவருக்கு மேல் ஒரு குரல்.

"தம்பி, சூடு வருதா? இன்னும் ரெண்டு கட்டை வைக்கவா?"

"அருமையா வருதுக்கா!"

ஒரு நாள் காலையில் எதிரே நிற்பவர் தெரியாத மூடுபனி. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. 'கடவுளே, அந்த வாயில்லா ஜீவன்களைக் காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டே கொல்லைக்கு ஓடினாள். அந்தப் பக்கம் அடுப்பு படபடவென்று எரியும் சத்தம். இந்தப் பக்கம் சுவரைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது.

முழம் கனமுள்ள சுவர்! எந்த அடுப்புச் சூடு இதைத் தாண்டி வரும்? பதறிப்போய்க் குஞ்சுகளின் அறைக்குள் கையை விட்டாள்.

வெதுவெதுப்பு. மஞ்சள் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சொக்கிக் கிடந்தன. மேலே ஒரு தகர டப்பா தொங்கியது. அதன் விளிம்பில் நூலாய் வெளிச்சம் கசிந்தது.

"ஏங்க! பல்பு! இதை எப்போ..."

எலக்ட்ரீஷியன் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்.

"மெதுவா! அக்கா காதுல விழுந்தா, மறுபடியும் ரொட்டிக்குப் போயிடுவாங்க."