ரத்ததான சர்வர்

கூடுவாஞ்சேரி ரத்ததான சங்கக் கூட்டத்தில் ஃபரா எழுந்தாள். சங்கத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

“நம்ம சர்வருக்குத் திருட்டு சிடி விண்டோஸ் வேணாம் சார். லினக்ஸ்தான் சரி. இலவசம், சட்டத்துக்கும் பயப்பட வேணாம்.”

தலைவர் அப்பாதுரை சிரித்தார். “ஓசியில வர்றதை நம்பி உயிர் விஷயத்தை விடச் சொல்றியாம்மா? போன வாரம் என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். நம்ம சைட்டைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் ரத்தம் கொடுக்க ஆள் கிடைச்சுது. பொங்கல்லேர்ந்து ஒரு நாள்கூட நிக்காம ஓடுது. அதைப் போய் மாத்தணுமா?”

“மாத்த வேணாம் சார்.”

“அப்படிச் சொல்லு!”

“பொங்கல் லீவுலயே லினக்ஸுக்கு மாத்திட்டேன்.”

அப்பாதுரையின் சிரிப்பு நின்றது. “யாரைக் கேட்டு?”

“மூணு கூட்டத்துல உங்களைத்தான் கேட்டேன் சார். இதுக்காக என்னை நீக்கினாலும் சரி, திருட்டு சிடியை இனிமே தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஃபரா உட்கார்ந்தாள்.