மூன்றாவது மாடி

அன்று காலையும் பால் காய்ச்சினேன். என் மனைவி பெனிட்டா மாத்திரை போட்டாள். நடந்துவிட்டுத் திரும்பினோம்.

மாரடைப்பில் பிழைத்தவளை நாற்காலியில் வைத்துத்தான், லிஃப்ட் இல்லாத இந்த மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்திருந்தோம். பேச முடிகிற வேகத்தில் ஏறச் சொல்லியிருந்தார் இதயப் பயிற்சி கொடுத்தவர். அன்றுதான் முதல்முறையாக நிற்காமல் ஏறினாள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.

இரண்டாம் மாடிக்காரர், "உக்காந்துட்டுப் போம்மா" என்றார்.

"இவரை உக்கார வைங்க அங்கிள். இவருக்குத்தான் நாக்கு தள்ளுது."

நான் மேலே போவதற்குள், மறுபடி வந்த மாரடைப்பில் அவள் போய்விட்டிருந்தாள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்கிறார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து அவள் சொன்னதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறேன்:

"எனக்கு மூச்சே வாங்கல, பாத்தியா? நீ நின்னு நின்னு வா."