மீனுக்குக் கூச்ச சுபாவம்

"இல்லாத மீனுக்குத் தினமும் தீனி போடுற ஒரே வீடு நம்ம வீடுதான் மாமா" என்றாள் மருமகள்.

மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லாத மீனா? யார் சொன்னது?"

"பின்னே? நான் அதைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. வெறும் பாறையும் உப்புத் தண்ணியும்தான் தெரியுது."

"அதுக்குக் கூச்ச சுபாவம்மா. கடல்ல பவளப்பாறைப் பொந்துல ஒளிஞ்சு வாழ்ற வகை. நீ தடதடன்னு நடந்தாலே உள்ளே போயிடும்."

"அதுக்காக நான் காத்துல மிதந்தா வர முடியும்?" என்று முணுமுணுத்தபடி அவள் சமையலறைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும், போட்ட தீனியை எல்லாம் வலையால் அள்ளி வெளியே எடுத்தார் மாமனார். தின்ன ஆள் இல்லையே!

பாவம், அந்த மீன் செத்து ஒரு வாரமாகிறது. தீனி போட்டுவிட்டுத் தொட்டியை மூட மறந்தது அவர்தான். பக்கத்திலேயே நின்று ஊரே அதிரத் தும்மியதும் அவர்தான். மிரண்டு துள்ளி வெளியே விழுந்த மீன், தொட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. குப்பையில் போட்டால் மருமகள் கண்ணில் பட்டுவிடுமே என்று, தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து பால்கனி ரோஜாச் செடியின் அடியில் புதைத்தார். கொஞ்சம் அழவும் செய்தார்.

மருமகள் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இதுதான் கடைசி மீன் மாமா. இதுவும் போச்சுன்னா தொட்டியை எடுத்துடணும். அந்த ஜன்னலோரம் என் தையல் மிஷினுக்கு. சமையலறை மூலையில இருட்டுல ஊசிக்கு நூல் கோக்க முடியலை."

நியாயம்தான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். புது மீன் வாங்கக் கடைக்குத் தனியாகப் போகலாம் என்றால் கண்ணில் புரை.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. திரும்பி வந்து, "ஐயோ, என் மீனைக் காணோமே!" என்று ஒரு கூப்பாடு. பழி மருமகள் மேல் விழும். மனசு உறுத்தி, அவளே புது மீன் வாங்கித் தருவாள்.

"மீனைப் பத்திரமாப் பார்த்துக்கோம்மா" என்றார், முகத்தைப் பச்சைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு.

ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். கூப்பாட்டுக்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டு தொட்டியருகே போனார்.

பாறைப் பொந்தின் வாசலில், முன்பாதி வெள்ளையும் பின்பாதி சிவப்புமாக ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் கெட்டிக்காரர்தான், இல்லாததெல்லாம் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க? உங்க மீன்தான்."

அவருக்கு விஷயம் பிடிபட்டது. மீனைக் காணோம் என்றதும் பயந்துபோய்ப் புதுசு வாங்கி விட்டிருக்கிறாள்! கூப்பாடு போடாமலேயே காரியம் முடிந்துவிட்டது. உடனே குரலில் ஒரு மிடுக்கு வந்தது.

"கொஞ்சம் இளைச்சிருக்கே! வேளாவேளைக்குத் தீனி போட்டியா?"

"போட்டேன் மாமா."

"என்னத்தைப் போட்டியோ! வாயில்லா ஜீவன். என்னை மாதிரி யார் பார்த்துக்குவா?"

மருமகள் சமையலறை மூலைக்குப் போய், தையல் மிஷினின் இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"புதுக் கண்ணாடி போடப்போறீங்க, கூடு வேணுமில்லே மாமா? உங்க பழைய கூட்டையே நல்லாக் கழுவி வெச்சிருக்கேன். ரோஜாச் செடிக்கு மண் மாத்தும்போது கிடைச்சுது."