உள்ளங்கை நிறைய ஆசி

அல்மாத்தி மருத்துவமனை ஜன்னல் வழியே பனிமலையின் வெளிச்சம் உள்ளே விழுகிறது. புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்ததிலிருந்து பேச்சில்லாமல் இருந்த செர்சென்பாயின் தொண்டைக்குள் புதிதாக ஒரு சின்ன வால்வு. "கழுத்து ஓட்டைய விரலால மூடிக்கிட்டுப் பேசிப் பாருங்க ஐயா," என்கிறார் டாக்டர் தன்சுலு. செர்சென்பாய் மூடுகிறார். "ராய்ஹான்!" கரகரவென்று ஒரு குரல் எழுகிறது. நாளை கல்யாணமாகிப் போகப்போகும் மகள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உடனே கசாக் வழக்கப்படி அவளை ஆசீர்வதிக்க அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கிறார். விரல் விலகியதும் வெறும் காற்றுதான் சீறுகிறது. "ஒரு கையே போதும்ப்பா," என்கிறாள். அவர் மறுபடி ஓட்டையை மூடுகிறார். "ஒத்தக் கையிலயா? ஆசி குடுக்கறேனா, பிச்சை போடறேனா?" டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ராய்ஹான் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் விரலை அவர் கழுத்தில் வைக்கிறாள். "அவர் மூச்சு இழுக்கறப்ப எடுத்துடும்மா," என்கிறார் டாக்டர். பெரிய கைகள் இரண்டும் விரிகின்றன. "உன் அடுப்பு அணையாம எரியணும்..." விரல் எழுந்து, மறுபடி படிகிறது. "உன் வீட்டுல சிரிப்புச் சத்தம் ஓயாம கேக்கணும்." ஒவ்வொரு சொல்லும் அவள் விரல் நுனியில் அதிர்கிறது. "ஆமீன்," என்று, ஆசியைப் பெற்று முடிக்கும் வழக்கப்படி, டாக்டர் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொள்கிறார். விரலை எடுத்த ராய்ஹானின் கை அவர் சட்டைக் காலரைப் பிடித்தபடியே நிற்கிறது. அவளுடைய நனைந்த முகத்தை அவரே இரண்டு கைகளாலும் தடவிவிடுகிறார்.