பரிசுக் கிடேரி

சாலைக்கு எதிர்ப்பக்கம் கூட்டத்தில் நின்றிருந்த டாரூஸ், யாரும் பார்க்காத மாதிரி உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினான். மெதுவா, மெதுவா. ஓட்டப் பந்தயக் கோட்டில் நின்ற செலகாட் லேசாகத் தலையசைத்தாள்.

அவள் காலடியில் குத்துக்காலிட்டு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா கிமையோவுக்கு முதுகிலும் கண்.

"என்ன சைகை காட்டறான் அவன்?"

"ஒண்ணுமில்லப்பா."

"மெதுவா ஓடுன்னு சொல்றான். நீ தோத்தா அவனுக்கு மனசு குளிரும். அன்னிக்கு வீட்டைவிட்டுத் துரத்தினேன்ல, அந்த வயித்தெரிச்சல்." முடிச்சை அவர் இழுத்த இழுப்பில் பாதமே மரத்துவிடும் போலிருந்தது.

துரத்தியது உண்மைதான். போன மாதம் டாரூஸ் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய மாடுகளில் ஒன்று குறைந்தது. ஊர்ப் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கிமையோ மசியவில்லை. முழுசாக வந்தால் பேசலாம், இல்லாவிட்டால் வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

நாளைக்கு மாவு மில் வைத்திருக்கும் கொரிர் பெண் கேட்டு வருகிறான். மாட்டுக்குக் குறைவில்லாத ஆள். வயது மட்டும் அப்பாவைவிட ஒன்றிரண்டு கம்மி, அவ்வளவுதான்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" கிமையோ அடுத்த ஷூவுக்கு மாறினார். "எடுத்த எடுப்புலயே முன்னாடி போயிடு. தேயிலைத் தோட்டம் தாண்டறப்போ அந்த நெல்லி உன் கண்ணுலயே படக்கூடாது."

நெல்லி ஓட்டப் பயிற்சி முகாமில் இருப்பவள். போன இரண்டு வருஷமும் இந்தப் பந்தயத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆரம்பத்துலயே ஓடித் தீர்த்துட்டா கடைசி மேட்டுக்கு மூச்சு இருக்காதுப்பா. அவ போகட்டும். பாலம் வரைக்கும் நான் என் வேகத்துல வரேன்."

"இது அவன் சொல்லிக்குடுத்த பாடம்."

"கூடவே ஓடிப் பழகினவன். அவனுக்குத் தெரியாதா?"

கிமையோ எழுந்து நின்றார். குரல் தாழ்ந்தது. அவர் கத்துவதைவிட அது மோசம். "இங்க பாரு. அந்த வெள்ளைக் கறுப்புக் கிடேரி நம்ம கொட்டில்ல நிக்கணும். வேணும்னே தோத்துட்டு வந்தியோ, நாளைக்குக் கொரிர் குடுக்கறதை வாங்கிட்டு அப்பவே உன்னை வண்டியில ஏத்திடுவேன்."

பரிசுக் கிடேரி, பந்தயம் சுற்றி வந்து முடியும் இடத்தில், வேலியோரம் நின்று புல் மென்றுகொண்டிருந்தது. பால் பண்ணைக்காரர்கள் கொடுத்தது, சினையும்கூட. செலகாட் அதையே பார்த்தாள். காலையில் உகாலிக் களி ஒரு கவளம்கூட உள்ளே இறங்கவில்லை; வெறும் டீயோடு வந்திருந்தாள்.

"ஜெயிச்சா கயித்தை யார் கையில குடுப்பாங்கப்பா?"

"ஜெயிச்சவ கையில. நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ. அப்புறம் ஓட்டிட்டுப் போறது என் வேலை."

அந்தக் கிடேரி அப்பாவைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

விசில் ஒலித்தது. நெல்லி அம்பாகக் கிளம்பினாள். ஏழெட்டுப் பேர் அவளை விரட்டினார்கள். செலகாட் பின்னால் தங்கினாள்.

கிமையோ வாடகை மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்து கூடவே வந்தார். "முன்னாடி போடி. என்ன நடைப்பயணமா?" தேயிலைத் தோட்டத்தில் அவர் தொண்டை கட்டியது. பாலம் வந்தபோது, விரட்டியவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஆனால் நெல்லி தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாள்.

"வேணும்னே பண்றா. ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கறா" என்று பைக் ஓட்டியவனிடம் கிமையோ புலம்பினார். செலகாட்டுக்கும் உள்ளூர உதறல்தான். அதிகமாக விட்டுவிட்டோமோ? நாளைக்குக் கொரிர் வண்டியில் ஏற வேண்டியதுதானோ?

கடைசி மேட்டில் நெல்லியின் தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்கின. தலை ஆடியது. அதற்காகத்தான் செலகாட் இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் அங்கே செலவழித்தாள். மேட்டு உச்சியில் நெல்லியை எட்டிப் பிடித்தாள். முடிவுக் கோட்டில் ஒரு கை நீளம் முந்தி விழுந்தாள்.

கிமையோ ஓடும் பைக்கிலிருந்தே குதித்தார். "என் பொண்ணு. நான் சொல்லிக்குடுத்த ஓட்டம்" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல்.

விழாத் தலைவர் கிடேரியின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. போட்டோ எடுத்தார்கள். அன்றைக்குக் கல்யாணப் பேச்சில் இருந்த பெரியவர்கள்தான் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும் கண்ணு, குடு" என்று கிமையோ கையை நீட்டினார்.

செலகாட் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வேலியோரம் திகைத்து நின்ற டாரூஸின் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெரியவர்கள் முன்னால் நிறுத்தி, அவன் உள்ளங்கையில் கயிற்றை வைத்து அழுத்தினாள்.

"ஒரு மாடு குறையுதுன்னாரே, இந்தா, எங்க அப்பாகிட்ட குடு."