கோணல் மிதவை

தேவசகாயம் ஒரு சிட்டிகை கல்லுப்பை நுணுக்கி, விமானத்தின் ஈர இறக்கையில் தூவினார்.

“ஏன் மாப்ள, பளபளன்னு இருந்ததை இப்படிப் பாழாக்கிறியே!” என்றார் அந்தோணிசாமி. மனைவி பானுவின் அண்ணன். முப்பதாம் நாள் பூசைக்காக விழுப்புரத்திலிருந்து முன்னாடியே வந்துவிட்டார்.

“பாழாத்தான் ஆவணும் மச்சான். சவுரியோடது இப்படித்தான இருந்துச்சு.”

கையகல பிளாஸ்டிக் விமானம். உலகப் போரில் கடலில் இறங்கி ஏறிய ஜப்பான் விமானத்தின் மாதிரி. சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் மிதவைகள். பைக்கில் போய் லாரியில் அடிபடுவதற்கு முன் மகன் சவுரி செய்து முடித்த கடைசிப் பொருள் இதைப் போன்ற ஒன்றுதான்.

“அடக்கத்தன்னிக்கு வீடு பூரா கூட்டம். எந்தப் புள்ள தூக்கிக்கினு போச்சோ. பானு இன்னிக்குத்தான் திரும்பி வர்றா. அலமாரி காலியா இருந்தா தாங்கமாட்டா. புள்ளையத்தான் காப்பாத்தல, இதக்கூடவான்னு...”

“எங்க வீட்ல இருந்தவரைக்கும் ஒரு வாட்டிகூட அதைப் பத்திக் கேக்கலயே.”

“அதான் பயமா இருக்கு.”

உப்பின் மேல் பச்சை பெயிண்டை அடித்தார். காய்ந்ததும் விரலால் தேய்த்தார். உப்பு உதிர்ந்த இடமெல்லாம் பச்சை உரிந்து, அடியிலிருந்த வெள்ளி நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. திண்டிவனம் பட்டறையில் பழைய லாரிகளைப் புதிதாக்கியே பழகிய கை. கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கீறலாகப் போட்டது. சவுரி ஒரு மிதவையைக் கோணலாக ஒட்டியிருந்தான். இவரும் அதைக் கோணலாகவே ஒட்டியிருந்தார்.

“கண்டுபுடிச்சிட்டா?”

“பெத்தவளாச்சே மச்சான்.”

அலமாரியில் வைத்துவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

பானுப்ரியா நேராக மகனின் அறைக்கு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தேவசகாயம் பச்சை படிந்த விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் விமானத்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோணல் மிதவையை வெகுநேரம் தடவினாள்.

“சொல்லச் சொல்லக் கேக்காம எப்படி ஒட்டி வச்சிருக்கான் பாருங்க. பத்திரமா வச்சிருக்கீங்க.”

அடக்கத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தேவசகாயத்தின் முகம் தெளிந்தது. “உக்காரு பானு, டீ போட்டு எடுத்தாறேன்” என்று அடுப்படிக்கு ஓடினார்.

அந்தோணிசாமி தங்கையின் தோளைத் தொட்டார். “அழாத. இதுவாவது மிஞ்சிச்சே.”

அவள் விமானத்தை மெதுவாக அலமாரியில் வைத்தாள். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவருகிட்ட சொல்லிடாதண்ணா. அவனோடத நான்தான் அடக்கத்தன்னிக்கு அவன் பொட்டிக்குள்ள வச்சு அனுப்பினேன்.”